மீட்புப் படகுக்கு எத்தனை குதிரைத்திறன்?



மலையைப் பார்த்துக்கொண்டு வாழும் ஊருக்குப் படகு எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 டிசம்பர் முதல் வாரத்தை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் நம் மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. ரமணாசிரமம் பகுதியில் நம் அலுவலகத்துக்கு முன்னால் ஓடும் இதே செங்கம் சாலையில் மேற்கே போனால் ஊத்தங்கரை. அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் எல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வெளியேறியது. தென்பெண்ணை ஓரத்து ஊர்கள், திருக்கோவிலூர், அரகண்டநல்லூர் தொடங்கிக் கடலூர் வரை, நீருக்குள் நின்றன.

அதற்குப் பிறகு நடந்த மஷூராவில்தான் ஒரு சிறு மீட்புப் படகு வாங்குவது என்று முடிவானது. முடிவை அறிவித்ததும் வந்த யோசனைகளில் பாதிக்கு மேல் படகைப் பற்றியவை அல்ல, மோட்டாரைப் பற்றியவை. 25 குதிரைத்திறன் வேண்டும் என்றார் ஒருவர். 40 குதிரைத்திறன் மோட்டார் என்றால் முழுச் செலவையும் தாமே ஏற்பதாக ஒரு நல்ல மனிதர் சொல்லி அனுப்பினார். நாங்கள் 15 போதும் என்கிறோம். வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் அறக்கட்டளை உண்டா என்ற கேள்வி எழுவது நியாயம். அதனால் கணக்கை உங்கள் முன் வைக்கிறோம். இது உங்கள் அமானிதம். கணக்கு உங்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். படகு வாங்க நினைக்கும் வேறு ஜமாஅத்துகளுக்கும் இது பயன்படலாம்.

முதலில், இந்தப் படகு எங்கே போகாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1,68,000 கன அடி என்றால் நொடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். அப்படி ஓடும் ஆற்றின் நடுவில் 14 அடிப் படகு இறங்கக் கூடாது. அதில் 15 இருந்தாலும் 40 இருந்தாலும் இறங்கக் கூடாது. மரம், கூரைத் தகடு, செத்த மாடு என எல்லாம் சேர்ந்து வரும் நீர் அது. அது தேசியப் பேரிடர் மீட்புப் படையின் வேலை. அவர்களே கூடப் பார்த்துத்தான் இறங்குவார்கள். நமக்கான வேலை வேறு: ஆறும் ஏரியும் வழிந்து தெருவுக்குள் வந்து தேங்கிய, அல்லது மெதுவாக நகரும் தண்ணீர். மாடியில் நிற்கும் குடும்பம், இன்சுலின் தேவைப்படும் முதியவர், பிரசவ வலி வந்த பெண், பால் இல்லாத குழந்தை. ஐந்நூறு மீட்டர் தூரம், மார்பளவுத் தண்ணீர். மோட்டாரை இந்த வேலைக்குத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

படகின் பின்பலகையில் திருகி மாட்டுகிற மோட்டாரை மீன்வளத்துறையில் வெளிப்பொருத்து மோட்டார் என்பார்கள். கடைக்காரர்கள் அவுட்போர்டு என்பார்கள், மீனவர்கள் வெறுமனே இன்ஜின் என்பார்கள். மோட்டார் சைக்கிளை வைத்து இதைக் கணக்கிடுவதுதான் எல்லாரும் தடுமாறும் இடம். வண்டியில் சக்தி கூடினால் வேகம் கூடும். படகில் அப்படி இல்லை. படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிக்கொண்டுதான் மிதக்கிறது. ஓடும்போது அந்த நீரைத் தள்ளித் தள்ளி முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக் கூட இந்த இரண்டு அலைகளின் இடைவெளியும் கூடும். இடைவெளி படகின் நீளத்துக்குச் சமமாகும்போது படகு தான் தோண்டிய பள்ளத்திலேயே மாட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் போக, தன் முன்னலையின் மேட்டில் ஏற வேண்டும். அங்கே சக்தியை எவ்வளவு கொட்டினாலும் கிடைப்பது சத்தமும் அலையும்தான்.

இந்த வேக வரம்புக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.5ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 14 அடிப் படகு நீர்மட்டத்தில் 13 அடி இருக்கும். 13இன் வர்க்கமூலம் 3.6. ஆக மணிக்கு 9 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்கூட இல்லை. அந்த எல்லைக்குள் ஓட ஒரு டன் எடைக்கு 3 முதல் 5 குதிரைத்திறன் போதும் என்பது சிறு படகு கட்டுபவர்களின் பழைய கணக்கு.

வேறொரு வழி உண்டு. போதிய சக்தியும் தட்டையான அடிப்பாகமும் இருந்தால் படகு முன்னலையில் ஏறி, நீரை விலக்குவதை விட்டுவிட்டு, நீரின்மேல் சறுக்கிக்கொண்டு ஓடும். சினிமாவில் பார்க்கும் வேகப் படகு அதுதான். அதற்கு மொத்த எடையில் 18 கிலோவுக்கு ஒரு குதிரைத்திறனாவது வேண்டும். அதைவிடக் குறைந்தால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்புறம் அமிழ்ந்து, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு நிற்கும், மேலே ஏறாது.

இப்போது நம் படகை வைத்துப் பார்ப்போம். 14 அடி நீளம், நடுவில் 5 அடி அகலம், பின்பலகையில் 4 அடி அகலம், தட்டை அடி கொண்ட ஃபைபர் படகு. ஏன் 14 என்றால், சிறு லாரியில் ஏற்ற முடிய வேண்டும், ஆறு பேர் தூக்கி இறக்க முடிய வேண்டும். படகு சுமார் 150 கிலோ, மோட்டார் 40, பெட்ரோலும் சாமானும் 20. ஐந்து பேர் ஏறினால் ஆளுக்கு 68 கிலோ வீதம் 340. மொத்தம் 550 கிலோ, அரை டன்னைக் கொஞ்சம் தாண்டுகிறது. இதை எழுப்பிச் சறுக்க வைக்க 30 குதிரைத்திறன் வேண்டும். மெதுவாக 7, 8 கிலோமீட்டரில் கொண்டுபோக 3 குதிரைத்திறன் போதும்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. ஆள் ஏற்றிய படகைத் தெருவுக்குள் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டப் போகிறோமா? தண்ணீருக்கடியில் காம்பவுண்டுச் சுவர் எங்கே, ஸ்கூட்டர் எங்கே, மூடியில்லாத சாக்கடை எங்கே என்று தெரியாது. மேலே மின்கம்பி. நடக்கும் வேகத்துக்குச் சற்று மேல் போனாலே அதிகம். போதாததற்கு, வேகமாகப் போகும் படகின் அலை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். இரண்டு நாள் ஊறிய மண்சுவர் அந்த அலையில் விழும். காப்பாற்றப் போனவர்கள் சுவரைத் தள்ளிவிட்டு வரக் கூடாது. ஆகவே ஆள் ஏற்றி வரும் பயணத்துக்கு 3 முதல் 5 குதிரைத்திறனுக்கு மேல் நமக்கு வேலை இல்லை.

அப்படியானால் 5 வாங்கினால் என்ன? இந்தக் கேள்வியை நாங்களே கேட்டுக்கொண்டோம். இரண்டு காரணங்கள் தடுத்தன. ஒன்று, நீரோட்டம். தெரு முனையிலும் பாலத்தின் அருகிலும் நீர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடினால் அது மணிக்கு 5.4 கிலோமீட்டர். எதிர்த்துப் போகும்போது 5 குதிரைத்திறன் முழுதும் திருகியும் படகு நகர்வதாகவே தெரியாது. எதிர்க்காற்றும் சேர்ந்தால் நின்றுவிடும். மோட்டாரில் பாதிக்கு மேல் கையிருப்பு இருக்க வேண்டும். இரண்டு, போகும்போது படகில் ஆள் குறைவு. ஓட்டுபவர் ஒருவர் மட்டும் என்றால் மொத்தம் 280 கிலோவுக்குள். அதை 15 குதிரைத்திறன் ஏறக்குறைய எழுப்பிவிடும். வெட்டவெளியில் ஏரி வழிந்த வயலைக் கடக்கும்போது அந்த வேகம் உதவும்.

மேல் எல்லைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை வகுத்த விதி அது; தயாரிப்பாளர்கள் படகில் தகடு ஒட்டுவது இதை வைத்துத்தான். படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் பெருக்க வேண்டும். நமக்கு 14 பெருக்கல் 4, அதாவது 56. கைப்பிடியால் திருப்பும் மோட்டாரும் தட்டை அடியும் என்றால், அதில் பாதியை எடுத்து 15ஐக் கழிக்க வேண்டும். 28இல் 15 போக 13. அதை அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தலாம் என்கிறது விதி. ஆக 15. அடிப்பாகம் வி வடிவில் இருந்தால் 56ஐ 0.8ஆல் பெருக்கி 25ஐக் கழித்தால் 19.8 வரும்; 20 வரை போகலாம். பெருக்குத்தொகை 52க்குள் இருக்கும் சிறு படகுகளுக்குக் கழித்தல் கணக்கு இல்லை, பட்டியல்தான்: 35 வரை 3 குதிரைத்திறன், 39 வரை 5, 42 வரை 7.5, 45 வரை 10, 52 வரை 15. காற்றடைத்த ரப்பர் படகுக்கு இந்த விதி பொருந்தாது. அதற்குத் தயாரிப்பாளர் எழுதிய எண்தான் எல்லை.

40 என்பது நம் படகு தாங்கும் எல்லையின் இரண்டரை மடங்குக்கு மேல். நன்கொடையாளரிடம் நாங்கள் சொன்னது இதைத்தான். 40 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் நூறு கிலோவை நெருங்கும். அதன் அருகில் ஓட்டுபவர் எழுபது கிலோ. பின்னால் மட்டும் 170 கிலோ உட்கார்ந்தால் 14 அடிப் படகின் பின்பலகை நீர்மட்டத்துக்கு அருகே இறங்கிவிடும். வேகமாக வந்து திடீரென்று வேகத்தைக் குறைத்தால், பின்னால் துரத்தி வந்த சொந்த அலையே பின்பலகைக்கு மேலாக உள்ளே விழும். கைப்பிடியைச் சட்டென்று திருப்பினால் படகு சுழன்று ஆளை வெளியே எறியும். ஓட்டுபவர் இல்லாத படகு வட்டமடித்து விழுந்தவர்மேலேயே விசிறியோடு வரும். கடலோரத்தில் இப்படி நடந்த விபத்துகளைச் சொல்லக் கேட்டவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது.

குதிரைத்திறன் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை மாற்றாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரிய மோட்டார் போட்டால் பத்துப் பேரை ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நீளத்தையும் அதிக அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் ஆள் கணக்கு வரும். 14 பெருக்கல் 5, வகுத்தல் 15: 4.7. ஐந்து பேரே விளிம்பு. படகுக்காரர் இருவர் போக, ஒரு தடவைக்கு மூன்று பேரை ஏற்றலாம். மேல் மாடியில் பன்னிரண்டு பேர் இருந்தால் நான்கு தடவை போக வேண்டும். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த உல்லாசப் படகு 22 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் குழந்தைகளும் பெண்களும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு அது. அவசரத்தில் கூட்டம் ஏறத்தான் பார்க்கும். இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்தான் அணியத்தில் நிற்க வேண்டும்.

சிறிய மோட்டாரை இளக்காரமாக நினைப்பவர்கள் நம் கிழக்குக் கரையைப் பார்க்கட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தில் வந்த ஃபைபர் படகுகள் பல, வலையும் ஆட்களும் மீனுமாக, 10 குதிரைத்திறன் அளவுள்ள நீள்வால் டீசல் இன்ஜினில்தான் கடலுக்குப் போய் வந்தன. அந்த இன்ஜின் மெதுவாகச் சுழலும், பெரிய விசிறியைச் சுழற்றும், பாரத்தை இழுக்கும். மறுபக்கம் கேரளத்தில் 1980களில் ஏழெட்டுக் குதிரைத்திறன் மண்ணெண்ணெய் மோட்டாரில் தொடங்கியவர்கள், பக்கத்துப் படகை முந்துவதற்காக 25, 40 என்று ஏற்றி, கடைசியில் ஒரே வள்ளத்தில் இரண்டு மூன்று 40களை மாட்டினார்கள். மீன் அந்த அளவுக்குக் கூடவில்லை. எரிபொருள் செலவும் கடனும் கூடின. கடற்கரையில் உள்ள நம் உறவினர்கள் யாராவது மோட்டார் வாங்கக் கடன் கேட்டு வந்தால் இந்தக் கதையை அவர்களோடு பேசிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

எரிபொருள் வெள்ளக் காலத்திலும் ஒரு முக்கியமான விஷயம். முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு மூன்றில் ஒரு லிட்டர் முதல் அரை லிட்டர் வரை பெட்ரோல் செலவாகும். ஃபோர் ஸ்ட்ரோக் குறைவாகக் குடிக்கும், பழைய டூ ஸ்ட்ரோக் அதிகமாகக் குடிக்கும். 25 லிட்டர் தொட்டி 15 குதிரைத்திறனுக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரும். 40க்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாதி வேகத்தில் ஓட்டினால் இரண்டிலுமே பாதிக்கும் குறைவாகத்தான் செலவாகும். பெட்ரோல் பங்க் தண்ணீருக்குள் இருக்கும் நாளில் இது சின்ன விஷயமல்ல.

அடுத்தது, கடையில் கேட்க வேண்டியவை. 9.9ம் 15ம் பல கம்பெனிகளில் ஒரே உடம்புதான். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. டூ ஸ்ட்ரோக் என்றால் சுமார் 36 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 50 கிலோவுக்குப் பக்கம். ஆகவே 10 போதும் என்ற இடத்தில் எடை கூடாமல் 15 கிடைக்கிறது. விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் 9.9 எடுத்தாலும் எங்களுக்கு மனக்குறை இல்லை. இரண்டு பேர் தூக்கிப் போக முடிகிற எடையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. டூ ஸ்ட்ரோக் லேசானது, ஊர் மெக்கானிக் கழற்றிப் பார்க்கக்கூடியது. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய் கலக்க வேண்டும், இருட்டில் மழையில் யாராவது மறந்தால் இன்ஜின் போயிற்று. ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கலக்கும் வேலை இல்லை, சத்தமும் குறைவு. கூரையிலிருந்து கூப்பிடுபவரின் குரல் காதில் விழும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் சாய்கிறோம். மண்ணெண்ணெய் மோட்டார் கடற்கரைக்காரர்களுக்கு மானிய எரிபொருளால் கட்டுப்படியாகும். அதையும் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும், நமக்குத் தேவையில்லை.

தண்டின் நீளம் பலரும் கேட்காமல் விடுவது. மோட்டார்கள் 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் உயரமுள்ள பின்பலகைகளுக்கென்று தனித்தனியாக வரும். படகின் பின்பலகையை நடுவில், மேல் விளிம்பிலிருந்து அடி வரை நேராக அளந்து அதற்கு ஏற்றதை வாங்க வேண்டும். விசிறிக்கு மேல் கிடையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது ஓர் அங்குலம் கீழே இருந்தால் சரி. தண்டு குட்டையாக இருந்தால் விசிறி காற்றை உறிஞ்சி, சத்தம் மட்டும் போட்டுச் சும்மா சுழலும். நீளமாக இருந்தால் ஒன்றரை அடித் தண்ணீரிலேயே தரையைக் கிளறும். தெருவெள்ளத்துக்கு 15 அங்குலப் பின்பலகையும் குட்டைத் தண்டும்தான் பொருத்தம். ஆழமில்லாத இடத்தில் பாதி தூக்கி ஓட்டும் வசதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசிறியில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: ஒன்று விட்டம், மற்றது பிட்ச். ஒரு சுற்றில் கணக்குப்படி எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது பிட்ச். பாரம் இழுக்கப் பிட்ச் குறைவாகவும், காலிப் படகில் பறக்க அதிகமாகவும் வேண்டும். மலைச்சாலையில் கியரைக் குறைப்பது போல. ஐந்து பேரோடு முழு வேகம் கொடுத்துப் பார்க்கும்போது, இன்ஜின் கையேட்டில் போட்டிருக்கும் சுற்று எல்லைக்குள், உதாரணமாக நிமிடத்துக்கு 4500 முதல் 5500 வரை, வர வேண்டும். வராவிட்டால் ஓர் அங்குலம் பிட்ச் குறைந்த விசிறியை மாட்டினால் 150 முதல் 200 சுற்று கூடும். சரியான விசிறி மாட்டிய 10, தவறான விசிறி மாட்டிய 15ஐவிட நன்றாக இழுக்கும். மோட்டாரோடு கூட ஒரு விசிறியும் வாங்கி வைக்க வேண்டும். முதல் விசிறி ஏதாவது ஒரு படிக்கட்டில் அடிபடத்தான் போகிறது.

விசிறியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நீரில் இருக்கும் ஆளை நெருங்கும்போது மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பால் போக வேண்டும். கியரை விட்டால் போதாதா என்றால், பதற்றத்தில் கை கியரில் படும். விசிறிக்குக் கூண்டு போடலாம். இழுப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை, 15 எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் கயிறு ஒன்று வரும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நிற்கும். அதை மாட்டாமல் படகு கரையை விட்டு நகரக் கூடாது என்பது நம் விதியாக இருக்கும்.

40க்கும் 15க்கும் இடையில் மிச்சமாகும் பணத்தில் என்ன வாங்கலாம் என்று நன்கொடை தர முன்வந்த அன்பருக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறோம். உயிர்காப்பு மேலாடைகள் பத்து, அதில் நான்கு குழந்தைகள் அளவு. துடுப்பு நான்கு. மூங்கில் கழி இரண்டு. ஆழம் பார்க்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. நூறடி மிதக்கும் கயிறு. தலைவிளக்கு, விசில். மேலும் ஒரு பரிசல். சாத்தனூர் அணையில் மீன் பிடிப்பவர்கள் காலங்காலமாகப் பரிசலில்தான் போகிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் மிதக்கும், இரண்டு பேர் தலையில் வைத்துத் தூக்கிப் போகலாம், படகு நுழையாத சந்தில் நுழையும், அதற்கு மோட்டாரே வேண்டாம். அவர் பட்டியலைப் படித்துவிட்டு, பரிசலை இரண்டாக ஆக்குங்கள் என்றார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

2018இல் கேரள மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனதையும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோது அங்கும் மீனவர் படகுகள் தெருக்களில் ஓடியதையும் பார்த்தோம். அவர்கள் படகுகள் கடலுக்குக் கட்டியவை. மதில்களில் மோதிச் சேதமானவை பல. ஆனாலும் காரியம் நடந்ததற்குக் காரணம், கைப்பிடியைப் பிடித்தவர்கள் தினமும் அதைப் பிடிப்பவர்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே 18 வயதுக்கு மேற்பட்ட, நீச்சல் தெரிந்த எட்டு இளைஞர்கள் வேண்டும். எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். தீயணைப்பு நிலையத்தின் வழிகாட்டலில் பயிற்சி தர ஏற்பாடு செய்கிறோம். வெள்ள நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077இல் சொல்லிவிட்டு, மின்வாரியம் அந்தத் தெருவில் மின்சாரத்தை நிறுத்தியது உறுதியான பிறகுதான் படகு இறங்கும். 2021ஆம் ஆண்டு உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி மோட்டார் பொருத்திய படகுக்குப் பதிவு வேண்டும். அந்த வேலையும் படகு வாங்கும்போதே தொடங்கும்.

கடைசியாக, பராமரிப்பு. மீனவரின் மோட்டார் தினமும் ஓடுவதால் கெடாமல் இருக்கிறது. நம்முடையது பதினோரு மாதம் சும்மா இருக்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சில மாதம் தொட்டியில் கிடந்தால் கார்புரேட்டரில் பிசின்போலப் படியும். அதனால் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட விட வேண்டும். மாதம் ஒருமுறை, ஜும்ஆவுக்குப் பிறகு, ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் மோட்டாரை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. நீரை இழுக்கும் பம்பில் உள்ள ரப்பர் சக்கரம் கருகிவிடும். ஓடும்போது பின்புறச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளத்தில் ஓட்டும்போதும் அந்தத் தாரைமேல் ஒரு கண் இருக்க வேண்டும். வைக்கோலோ பாலிதீன் பையோ அடைத்தால் அது மெலியும், உடனே அணைத்து எடுத்துவிட வேண்டும். டிரம் நம் அலுவலகப் பின்வாசலில் வைக்கப்படும். சாவியும் பதிவேடும் காவலாளியிடம் இருக்கும். ஓட்டிப் பார்த்தவர் தேதியும் பெயரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.